விடுதிக் காப்பாளருக்கு யார் பாடம் நடத்துவது?

இணையத்தில் பெருகும் பயிற்சிகள். எட்டாமல் நிற்கும் கல்லூரி ஊழியர்கள்

புதுதில்லி: கல்லூரி ஆசிரியர் ஒருவர் தேசிய மாணவர் படையின் பொறுப்பை ஏற்க முன்வந்தால், அவர் முதலில் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார். மகாராஷ்டிரத்தின் காம்ப்டியிலும் மத்தியப் பிரதேசத்தின் குவாலியரிலும் இதற்கென்றே பயிற்சி நிலையங்கள் இயங்குகின்றன. பல வாரப் பயிற்சியை முடித்த பிறகே அவர் சீருடை அணிந்து மாணவர்கள் முன் நிற்க முடியும். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகப் பொறுப்பேற்பவருக்கும் அறிமுகப் பயிற்சி உண்டு.

அதே ஆசிரியர் முந்நூறு மாணவர்கள் தங்கியிருக்கும் விடுதிக்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டால் என்ன நடக்கிறது? முதல்வர் அலுவலகத்திலிருந்து ஒரு பக்க ஆணை வருகிறது. மறுநாள் சாவிக்கொத்தும் வருகைப் பதிவேடும் கைமாறுகின்றன. வேறெதுவும் இல்லை.

மாணவர்களை அணிவகுக்கச் செய்வதற்குப் பயிற்சி வேண்டும் என்று அரசு கருதுகிறது. நள்ளிரவில் கதவைத் தட்டி அழும் மாணவரிடம் பேசுவதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை அது இப்போதுதான், அதுவும் நீதிமன்றத்தின் வாயிலாக, உணரத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பயிற்சியை எங்கே, யாருக்கு, எப்படி அளிப்பது என்ற கேள்விக்கு எளிதாகக் கிடைக்கும் பதில் 'இணையவழிப் பயிற்சி' என்பதே. இந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் இன்று ஆராயப்பட வேண்டியது.

யாருக்கும் சொந்தமில்லாத வேலை

விடுதி, கல்வி உதவித்தொகை, ராகிங் தடுப்பு, உள் புகார்க் குழு, சமவாய்ப்பு மையம், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான வசதிகள், மனநல ஆலோசனை, மாணவர் பேரவைத் தேர்தல் என வகுப்பறைக்கு வெளியே மாணவரின் வாழ்க்கை முழுவதும் 'மாணவர் நலன்' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. தில்லிப் பல்கலைக்கழகம் போன்ற பெரிய நிறுவனங்களில் இதற்கென்று மாணவர் நல டீன் இருக்கிறார். பெரும்பாலான கல்லூரிகளிலோ, இந்தப் பணிகள் ஆசிரியர்களுக்கும் அலுவலக எழுத்தர்களுக்கும் கூடுதல் பொறுப்பாகப் பிரித்துத் தரப்படுகின்றன.

அமெரிக்காவில் இது ஒரு தனித் தொழிலாக வளர்ந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இதற்கென முதுநிலைப் பட்டங்களும் தொழில்முறைச் சங்கங்களும் அங்கே உண்டு. அச்சங்கங்கள் நடத்தும் இணையவழிப் படிப்புகள் ஏற்கெனவே பணிநிலை பெற்ற ஊழியரின் திறனை மேம்படுத்துகின்றன. இந்தியாவிலோ பணிநிலையே உருவாகவில்லை. பயிற்சி மட்டும் முன்னால் வருகிறது. மாணவர் நலப் பணிக்கென நாடு தழுவிய தனிப் பணித்தொகுதி இங்கே இல்லை. இரண்டு, மூன்று ஆண்டுகள் காப்பாளராக இருந்தவர் அனுபவத்தால் ஓரளவு தேர்ச்சி பெறும் வேளையில் வகுப்பறைக்குத் திரும்புகிறார். புதியவர் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார். அந்த இடைவெளிக்கான விலையை மாணவர்களே கொடுக்கின்றனர்.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 1,168 பல்கலைக்கழகங்களும் 45,473 கல்லூரிகளும் உள்ளன. அவற்றில் பயில்வோர் ஏறத்தாழ 4.33 கோடி பேர். இவர்களில் பெரும் எண்ணிக்கையினர் தங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறையினர். கட்டண விலக்கு எங்கே கேட்பது, சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் யாரிடம் முறையிடுவது என்பதை வீட்டில் சொல்லித்தர ஆளில்லாதவர்கள். அவர்களுக்கு நிறுவனத்தின் முகம் துணைவேந்தர் அல்ல. உதவித்தொகைப் பிரிவின் எழுத்தரும் விடுதிக் காப்பாளரும்தான்.

2009லேயே எழுதப்பட்ட விதி

பயிற்சியின் தேவை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ராகிங்கைத் தடுக்கும் வழிகளை ஆராய உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதலால் அமைந்த குழுவுக்கு, சிபிஐ முன்னாள் இயக்குநரும் தமிழகப் பிரிவு ஐபிஎஸ் அதிகாரியுமான ஆர்.கே. ராகவன் தலைமை தாங்கினார். அக்குழு 2007இல் அறிக்கை அளித்தது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேச மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் ராகிங் கொடுமையால் உயிரிழந்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழு கடுமையான விதிமுறைகளை வெளியிட்டது.

அந்த விதிமுறைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. விடுதிக்கு முழுநேரக் காப்பாளர் நியமிக்கப்பட வேண்டும். ஒழுங்கைக் காக்கும் ஆற்றலோடு, வகுப்பறைக்கு வெளியே இளைஞர்களிடம் பேசவும் ஆலோசனை கூறவும் வல்ல மென்திறனும் அவருக்கு இருக்க வேண்டும். அவர் விடுதியிலோ அதன் அருகிலோ தங்கியிருக்க வேண்டும். எந்நேரமும் தொலைபேசியில் கிடைக்க வேண்டும் என்று அது கூறுகிறது. அந்த மென்திறனை அவர் எங்கே கற்பது என்பதற்கு மட்டும் நாடு தழுவிய ஏற்பாடு எதுவும் உடன் வரவில்லை. திறன் வேண்டும் என்று விதி எழுதியவர்கள் பள்ளியைக் கட்டவில்லை.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 ஆகஸ்டில், கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் இறந்தபோது, விதிகள் தாளில் இருந்ததையும் நடைமுறையில் இல்லாததையும் நாடு மீண்டும் கண்டது.

நீதிமன்றம் சொன்னது என்ன?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். 2023இல் அந்த எண்ணிக்கை 13,892. பள்ளி மாணவர்களும் உள்ளடங்கிய கணக்கு இது.

தில்லி ஐஐடியில் 2023இல் இறந்த இரு மாணவர்களின் பெற்றோர், காவல்துறை வழக்குப் பதிவு செய்ய மறுத்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2025 மார்ச் 24 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, வழக்குப் பதிவு செய்ய ஆணையிட்டதோடு நிற்கவில்லை. உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றையும் அமைத்தது.

நான்கு மாதங்களில் அடுத்த தீர்ப்பு வந்தது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குத் தயாராகிவந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. உரிய சட்டம் இயற்றப்படும் வரை அவை நாடெங்கும் கட்டுப்படுத்தும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். ஆசிரியர்கள், ஆசிரியரல்லாத ஊழியர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையேனும் சான்று பெற்ற மனநல வல்லுநர்களைக் கொண்டு பயிற்சி அளிக்க வேண்டும். உளவியல் முதலுதவி, அபாய அறிகுறிகளை இனங்காணல், உரிய சிகிச்சைக்கு அனுப்புதல் ஆகியவை அதில் அடங்கும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பாலினச் சிறுபான்மையினர் ஆகியோரிடம் பாகுபாடின்றி நடந்துகொள்வதும் பயிற்சியின் பகுதி.

'ஆசிரியரல்லாத ஊழியர்கள் அனைவருக்கும்' என்ற சொற்களில்தான் தீர்ப்பின் கனம் இருக்கிறது. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வல்லுநர்கள் நேரில் செல்வது நடக்கக்கூடியதாக இல்லை. ஆகவே நிர்வாகங்கள் இணையத்தை நோக்கித் திரும்புவது இயல்பு.

பாடங்கள் யாருக்காக?

இணையவழிப் பயிற்சிக்கான கட்டமைப்பு நாட்டில் இல்லாமல் இல்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பயிற்சிக்கான கல்லூரிகள் தொடங்கப்பட்டன. பின்னர் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாறின. 2017 ஜூலையில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 'ஸ்வயம்' இணையதளத்தைத் தொடங்கிவைத்தார். காணொளி, வாசிப்புப் பாடம், தன்மதிப்பீட்டுத் தேர்வு, கலந்துரையாடல் என்ற நான்கு உறுப்புகள் கொண்டது அது. 2018இல் 'அர்பித்' என்ற பெயரில் ஆசிரியர்களுக்கான நாற்பது மணிநேரப் புத்தொளிப் பயிற்சி அதில் இடம்பெற்றது. தேர்வில் வென்றவர்களுக்கு அது பதவி உயர்வுக்கான பயிற்சியாகவும் கணக்கில் கொள்ளப்பட்டது. 2023 செப்டம்பர் 5 அன்று மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு நாடெங்கும் 111 மையங்கள்.

பெயர்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். இவை எல்லாம் முதன்மையாக ஆசிரியர்களுக்கானவை. மாளவியா திட்டத்தின் எட்டுத் தலைப்புகளில் 'மாணவர் பன்மையும் அனைவரையும் உள்ளடக்கிய கல்வியும்' என்ற ஒன்றே மாணவர் நலப் பணிக்கு நெருக்கமானது. ஆராய்ச்சி, தலைமைப் பண்பு, தகவல் தொழில்நுட்பம், இந்திய அறிவு மரபு ஆகியவற்றோடு அதுவும் ஒரு பொருளாக நிற்கிறது. கல்லூரியின் விடுதி மேலாளரோ, உதவித்தொகை எழுத்தரோ, இரவுக் காவலரோ இதில் எங்கும் தென்படுவதில்லை.

ஆசிரியருக்கும் இதிலுள்ள ஈர்ப்பு பெரும்பாலும் சான்றிதழே. பதவி உயர்வுக்கான 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில், ஆசிரியர்கள் அறிமுக, புத்தொளிப் பயிற்சிகளை முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. காப்பாளர் பொறுப்பு வகிப்பதும் மதிப்பீட்டில் சேரும். ஆனால் காப்பாளர் பணிக்கென்று பயிற்சி பெற்ற பிறகே காப்பாளராக வேண்டும் என்று எங்கும் இல்லை. பயிற்சி ஒரு பக்கம், பொறுப்பு மறுபக்கம். இரண்டையும் இணைக்கும் பாலம் கட்டப்படவில்லை.

ஒப்பந்தக்காரரின் ஆள்

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. விடுதிகளிலும் வளாகங்களிலும் மாணவர்களோடு அதிக நேரம் கழிப்பவர்கள் காவலர்கள், உணவக ஊழியர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், அலுவலக உதவியாளர்கள். மத்தியப் பல்கலைக்கழகங்கள் உட்படப் பல நிறுவனங்களில் இவர்கள் நிறுவனத்தின் ஊழியர்களே அல்லர்; வெளி முகமைகள் வழியாக ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்பவர்கள். டெண்டர் மாறினால் ஆளும் மாறுகிறார்.

மூன்று நாட்களாக உணவுக்கு வராத மாணவரை முதலில் கவனிப்பவர் உணவக ஊழியர். இரவு இரண்டு மணிக்கு மொட்டைமாடிக்குச் செல்லும் மாணவரை முதலில் காண்பவர் காவலர். இவர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டிய கடமை பல்கலைக்கழகத்துடையதா, ஒப்பந்தக்காரருடையதா? பயிற்சி நேரத்துக்கு ஊதியம் உண்டா? பன்னிரண்டு மணிநேரக் காவல் பணி முடித்தவர் தம் சொந்தக் கைபேசியில், தம் செலவில், காணொளி பார்த்துச் சான்றிதழ் பெற வேண்டுமா? 'அனைவருக்கும் பயிற்சி' என்ற ஆணையை நிறைவேற்றுவது பற்றிப் பேசும் எவரும் இக்கேள்விகளைத் தாண்டிச் செல்ல முடியாது. நிரந்தரப் பணியிடங்களை ஒழித்துவிட்டு நிரந்தரத் திறனை எதிர்பார்க்க இயலாது.

திரை கற்பிப்பதும் கற்பிக்காததும்

இணையவழிப் பயிற்சியே வீண் என்பது பொருளல்ல. அதனால் நன்றாகக் கற்பிக்கக்கூடியவை உண்டு. சட்டம் அவற்றுள் முதன்மையானது. தற்கொலைக்கு முயல்பவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்றும் அது கூறுகிறது. தற்கொலை முயற்சியைத் தண்டித்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. இதை அறியாத காப்பாளர் காவல்துறைக்கு அஞ்சி விஷயத்தை மூடிமறைக்கிறார். மருத்துவமனைக்குச் செல்லும் நேரம் தவறுகிறது. அரைமணி நேரக் காணொளி இந்த அச்சத்தைப் போக்கிவிடும்.

உளவியல் முதலுதவியின் அடிப்படையையும் திரை வழியே சொல்லலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டுக் கையேடு அதைப் பார்த்தல், கேட்டல், இணைத்தல் என மூன்று சொற்களில் அடக்குகிறது. ஆபத்தையும் தேவையையும் பார், குறுக்கிடாமல் கேள், உதவக்கூடியவரோடு இணை. மருத்துவம் செய்வதோ அறிவுரை கூறுவதோ முதலுதவி அல்ல. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற நம்பிக்கை தவறானது என்பதையும் வல்லுநர்கள் வலியுறுத்துகின்றனர்.

ஆனால் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கும் துணிவு காணொளியில் வராது. எதிரே ஒருவர் அமர்ந்து மாணவராக நடிக்க, தடுமாறி, திருத்தப்பட்டு, மீண்டும் கேட்டுப் பழகிய பிறகே அது வரும். நீச்சல் குளத்தைப் படத்தில் பார்த்தவர் நீந்த இயலாததைப் போன்றதே இதுவும். பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் நூற்றுக்கு நூறு பெற்றவர், அழும் மாணவரிடம் 'இதற்கெல்லாமா அழுவது?' என்று கேட்கக்கூடும்.

2025 பிப்ரவரியில் புவனேஸ்வரத்தில் உள்ள தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்தவை இதற்குச் சான்று. நேபாள மாணவி ஒருவரின் மரணத்துக்கு நீதி கேட்டு அந்நாட்டு மாணவர்கள் திரண்டனர். மறுநாளே அவர்கள் விடுதியைக் காலி செய்ய வைக்கப்பட்டு, ரயில் நிலையத்துக்குப் பேருந்துகளில் அனுப்பப்பட்டனர். ஊழியர்கள் அம்மாணவர்களின் நாட்டையே இழித்துப் பேசும் காட்சிகள் பரவின. நேபாளப் பிரதமர் வரை தலையிட நேர்ந்தது. ஊழியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர், சிலர் கைதாயினர், நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. துயரத்தில் நின்ற மாணவர்களிடம் எப்படிப் பேசுவது என்று அறியாத சில நிமிடங்கள் இரு நாடுகளின் பிரச்சினையாயின.

சாதியைப் பேசாத பயிற்சி

பயிற்சியின் உள்ளடக்கமும் அரசியல் கேள்விதான். தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை அளித்தது. வகுப்பறையிலும் விடுதியிலும் நிலவிய ஒதுக்கலை அது விரிவாகப் பதிவு செய்தது. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு சமத்துவத்துக்கான விதிமுறைகளை வகுத்தது. 2016இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவும், 2019இல் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வியும் மடிந்தனர். அவர்களின் தாய்மார்கள், அந்த விதிமுறைகள் நடைமுறைப்படுத்தப்படவில்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2026 ஜனவரியில் மானியக் குழு புதிய விதிமுறைகளை அறிவித்தது. அதே மாதம் 29 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்து, 2012 விதிமுறைகளே தொடரும் என்றது.

விதிமுறைகளைச் சுற்றி இத்தனை போராட்டம் நடக்கும் நிலையில், 'மன அழுத்த மேலாண்மை', 'நேர்மறைச் சிந்தனை' என்ற தலைப்புகளோடு முடிந்துவிடும் பயிற்சி பாதிப் பயிற்சியே. உதவித்தொகை வராததால் உணவகக் கட்டணம் கட்ட முடியாத மாணவருக்கு மூச்சுப் பயிற்சி தீர்வாகாது. அவருடைய கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் எழுத்தரே தீர்வு. நிறுவனம் செய்யும் அநீதியை மாணவரின் மனப் பலவீனமாக மாற்றிக் காட்டும் பாடம், அநீதிக்கே துணைபோகிறது.

மொழியும் தடையாக நிற்கிறது. 'ஸ்வயம்' தளத்தின் பாடங்களில் பெரும்பான்மை ஆங்கிலத்தில் உள்ளன. ஒடிய மொழியோ தமிழோ அசாமிய மொழியோ மட்டும் அறிந்த விடுதி ஊழியருக்கு அவை மூடிய கதவுகள். துணையுரைகளை மொழிபெயர்ப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு மொழியிலும் துயரம் வேறு வேறு சொற்களில் வெளிப்படுகிறது. அந்தச் சொற்களை அறிந்தவர்களே அந்தப் பாடத்தை எழுத வேண்டும்.

எஞ்சியிருக்கும் கேள்வி

செய்யக்கூடியவை தெளிவாகவே உள்ளன. விடுதிப் பொறுப்பேற்பதற்கு முன்பே பயிற்சி பெறுவதைத் தேசிய மாணவர் படைக்கு உள்ளதுபோலக் கட்டாயமாக்கலாம். சட்டமும் விதிகளும் திரை வழியாக, பேச்சும் பழக்கமும் அருகிலுள்ள மையத்தில் நேரடியாக எனப் பாடத்தைப் பிரிக்கலாம். 111 மாளவியா மையங்களின் வாசலை ஆசிரியரல்லாதவர்களுக்கும் திறந்துவிடலாம். ஒப்பந்த ஊழியர்களின் பயிற்சி நேரத்தை ஊதியத்துடன் கூடிய பணிநேரமாக டெண்டரிலேயே எழுதலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சி பெற்றவர் கைகாட்டும் இடத்தில் ஓர் ஆலோசகர் உண்மையில் இருக்க வேண்டும். நிரப்பப்படாத நாற்காலிக்கு மாணவரை அனுப்பிவைக்கக் கற்றுக்கொடுப்பதில் பயனில்லை. 2022இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' உதவி எண் 14416 எந்நேரமும் கிடைக்கிறது. ஆனால் அதுவும் வளாகத்தில் இருக்க வேண்டிய மனிதருக்கு ஈடாகாது.

இவை எதற்கும் பணம் வேண்டும். இணையவழிப் பயிற்சி நிர்வாகங்களுக்குப் பிடித்துப்போவதற்குக் காரணமும் அதுவே. அது மலிவானது, எண்ணிக்கை காட்ட வசதியானது. இத்தனை ஆயிரம் பேர் சான்றிதழ் பெற்றனர் என்று நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்துவிடலாம். அடுத்த மரணம் நிகழ்ந்தால், 'பயிற்சி அளித்தோம், அவர்தான் கடைப்பிடிக்கவில்லை' என்று கடைநிலை ஊழியரின் தலையில் பழியைச் சுமத்திவிடவும் வழி பிறக்கிறது.

மானியக் குழுவும் கல்வி அமைச்சகமும் இனி வெளியிடப்போகும் புள்ளிவிவரங்களில், எத்தனை சான்றிதழ்கள் வழங்கப்பட்டன என்பதோடு வேறு இரு எண்களும் கேட்கப்பட வேண்டும்: எத்தனை விடுதிகளில் முழுநேரக் காப்பாளர் இருக்கிறார்? எத்தனை கல்லூரிகளில் ஆலோசகர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறது? நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் எழுப்பவேண்டிய கேள்விகள் இவை. 2009ஆம் ஆண்டின் விதிக்கு இன்னும் கிடைக்காத பதிலும் அவற்றில்தான் இருக்கிறது.